செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவனுக்கு

அன்பு மச்சான் யூசுபுக்கு,

உன் கபுர் விசாலமாக இருக்கட்டும், குளிர்ச்சியாக இருக்கட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் பாதி உன்னைத் திட்டுவதாகத்தான் இருக்கும். துஆ கேட்காமல் திட்டினான் என்று நாளை மறுமையில் நீ என்மேல் வழக்குச் சொல்லக் கூடாது.

இங்கே மழை. ரங்கூனில், பபேடானில் நம் தெருவில் மத்தியானத்திலிருந்து தண்ணீர் நிற்கிறது. மூன்றாம் மாடியில், என் தங்கை நூருவின் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். மின்சாரம் போய்விட்டது. கீழே பிரியாணிக் கடைக்காரர் அண்டாவை மேசைமேல் ஏற்றிவிட்டு, தானும் அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அசர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவின் நட்டநடுவில் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். பின்னால் கார் ஹாரன் அடிக்கிறது. ஒருவரும் ஒதுங்கவில்லை.

ஒதுங்க முடியாது என்பது உனக்குத் தெரியும். ஓரத்தில் சாக்கடை. அதன் மூடிகளில் பாதி உடைந்தவை, மீதி திருட்டுப் போனவை. தண்ணீர் நின்றுவிட்டால் எது தரை, எது குழி என்று தெரியாது. நடுத்தெரு கொஞ்சம் மேடு. அங்கே நடந்தால் முழுக் காலோடு வீடு வந்து சேரலாம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். தெரிந்ததை ஏன் உனக்கு விவரிக்கிறேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

நான் உன் இடத்துக்குப் போய்வந்தேன் மச்சான். ஓமானில் நீ வேலை பார்த்த, நீ செத்துப்போன, அந்த மலையிடுக்குப் பூங்காவுக்கு. இந்தக் கடிதத்தை நம் ஜமாஅத்தின் ஆண்டுமலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் படிக்கட்டும். அவர்களில் நானும் ஒருவன்.

உன் மரணச் செய்தி எங்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் வந்தது. மலையில் வெள்ளம். எச்சரிக்கைச் சங்கு ஊதியபின் நீ பத்திரமாக வெளியே வந்தாய். பிறகு மறுபடி உள்ளே இறங்கினாய். அவ்வளவுதான். அங்கேயே அடக்கிவிட்டார்கள். இங்கே டீக்கடையில் ஒருவன், குடித்திருப்பாய் என்றான். இன்னொருவன், வாழப் பிடிக்காமல் இறங்கியிருப்பாய் என்றான். நான் திமிர் என்றேன். உன்னிடம் திமிர் இல்லாத நாள் எது?

நூரு, நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த அன்று, என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெளிய வந்தவங்க ஏன் காக்கா திரும்ப உள்ள போனாங்க?" வேதியியல் படித்தவன், இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவன். என் தங்கைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உன்மேல் எனக்கிருந்த கோபங்களில் இது மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

மற்றவை உனக்குத் தெரிந்தவைதான். கல்லூரியில் என் சிநேகிதனாக வீட்டுக்கு வந்தாய், என் தங்கையைக் கட்டினாய், நாம் இருவரும் சேர்ந்து தின்கன்ஜூன் பகுதியில் தொடங்கிய டியூஷனை நடு வருஷத்தில் என் தலையில் போட்டுவிட்டு விமானம் ஏறினாய். "கரும்பலகைக்கு வெளியில ஒலகம் இருக்கு மச்சான், உனக்குத் தெரியாது" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னாய். என் உம்மா மவுத்தானபோது வரவில்லை. உம்மாவை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது மருமகன் பிடிக்க வேண்டிய மூலையைத் தெருவில் போன யாரோ ஒருவர் வந்து பிடித்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ தொலைபேசியில், "லீவு குடுக்கல மச்சான்" என்றாய். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. அந்தக் காற்றுச் சத்தம்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

இப்போது உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

சமீரா தாவரவியல் முடித்துவிட்டாள். உன் உயரம், உன் வாய். தமிழ் புரியும், கோபம் வந்தால் மட்டும் தமிழில் பேசுவாள், மற்றபடி பர்மியம். இந்த வருஷம் அவள் வயதுப் பிள்ளைகளின் பெயர்களைப் பட்டாளத்துக்கென்று வார்டு அலுவலகத்தில் எடுக்கிறார்கள். பெண்களையும் எடுப்பார்கள் என்று ஒரு நாள் சொல்கிறார்கள், இல்லை என்று மறுநாள் சொல்கிறார்கள். அவளுடைய தோழிகள் ஒவ்வொருத்தியாக ஊரை விட்டுப் போய்விட்டார்கள். வெளியே போகிற கதவு ஒரு வாரம் திறந்திருக்கிறது, அடுத்த வாரம் சாத்திக்கொள்கிறது. இந்த நேரத்தில்தான் உன்னோடு வேலை பார்த்த சேகு அழைத்தான். பூங்காவின் நாற்றுப்பண்ணையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, யூசுப் மகள் வருவாளா என்று கேட்டான்.

"தகப்பன முழுங்குன எடத்துக்கு மகளையா அனுப்புறது?" என்றாள் நூரு. அனுப்பாமல் வைத்துக்கொள்ளவும் பயம். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து விளக்கை அணைக்கிறாள். கடைசியில் அந்தப் பாரத்தையும் தூக்கி என் தோளில் வைத்தாள்.

"நீங்க கூடப் போங்க காக்கா. ஒரு வாரம் இருந்து கண்ணால பாருங்க. புடிச்சா விட்டுட்டு வாங்க. புடிக்கலன்னா கையப் புடிச்சுக் கூட்டியாந்துருங்க. நீங்க என்ன செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டாள் என்பது எவ்வளவு பெரிய பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். உன் நாட்டுக்கு, உன் மலைக்கு, இந்தக் குடும்பத்திலிருந்து இன்னொரு ஆளைக் கொடுப்பதாக இல்லை. கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவது. திரும்பினால் இன்னொரு முறை வெளியே விடுவார்களா என்பது தெரியாது. தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

விமான நிலையத்தில் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார். எதற்குப் போகிறாய் என்று பர்மியத்தில் கேட்டார். "அப்பாவின் கல்லறையைப் பார்க்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்துக்கொண்டேனோ தெரியாது. பக்கத்து வரிசையில் ஒரு பையனைத் தனியே அழைத்துப் போனார்கள். அவன் திரும்பி வருவதற்குள் எங்கள் தாளில் முத்திரை விழுந்துவிட்டது. அவன் திரும்பி வந்தானா என்று நாங்கள் பார்க்கவில்லை.

சேகு வண்டியோடு வந்திருந்தான். கீழக்கரைக்காரன், குட்டையானவன், சிரித்தால் கண் காணாமல் போகிறது. நூரு கொடுத்தனுப்பிய பலாச்சாங் டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, பொரித்த இறால்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் சலாம் சொன்னான். வழியெல்லாம் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "காக்கா, நீங்க பேசறது எங்க ஊர்லேருந்து கப்பலேறிப் போனவங்க காலத்துத் தமிழ். யூசுப் காக்காவும் இப்படித்தான். நாங்க அவர வச்சுச் சிரிப்போம்" என்றான். உன்னைப் பற்றி அவன் சொன்னது அந்தச் சிரிப்பு வரைதான். அன்றைய தினத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதலில் உன் கபுருக்குப் போனோம். சரளைக் கல் நிலம், ஒரு புல் இல்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மீசான் கல்லில் பெயர் இல்லை, அங்கே எழுதுவது வழக்கம் இல்லையாம். எது நீ என்று சேகு கை காட்டித்தான் தெரிந்தது. சமீரா குனிந்து, கால்மாட்டுக் கல்லைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நான் யாசீன் ஓதினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். சந்தூக்கின் காலி மூலைதான் நினைவுக்கு வந்தது.

பிறகு பூங்கா. இங்கேதான் உன்மேல் எனக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது.

அத்தனை வருஷம் தொலைபேசியில் நீ என்ன சொன்னாய்? "கல்லும் மண்ணுந்தான் மச்சான், பாக்க ஒண்ணுமில்ல." நாங்கள் அதை நம்பி உன்னை நினைத்துப் பரிதாபப்பட்டோம். நூரு வெயில் காலத்தில் மாம்பழம் வெட்டும்போதெல்லாம், "அங்க அவுங்களுக்கு நிழலாவது இருக்குமோ" என்பாள். மச்சான், அங்கே மாமரமே இருக்கிறது. செங்கல் சூளை மாதிரி வெந்துகிடக்கும் மலையில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் இறங்கினால் பாறை விரிசலிலிருந்து ஊற்று. கை வைத்தால் வெதுவெதுப்பு. அந்தத் தண்ணீரைப் பாறையோரமாகக் கல்வாய்க்காலில் நடத்தி, அடுக்கடுக்காகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பேரீச்சை, எலுமிச்சை, வாழை, வாசலுக்கு வாசல் மருதாணி. கீழே பச்சை நிறத்தில் குளங்கள், காலை வைத்தால் கடிக்கவரும் விரற்கடை மீன்கள். பாறையில் வண்ணக் கோடு போட்ட நடைபாதை மேலே ஏறி, கீழே இறங்கி, சில இடங்களில் ஆற்றின் சரளைப் படுகையையே குறுக்கே கடந்து போகிறது. வெள்ளிக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரிக்கிறார்கள்.

ஏன் மறைத்தாய்? நாங்கள் பொறாமைப்படுவோம் என்றா? அல்லது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பிறகு ஏன் கஷ்டம் என்று எழுதுகிறாய் என்று நான் கேட்பேன் என்றா? கேட்டிருப்பேன்தான்.

ஒரு வாரம் சமீரா காலையில் சேகுவோடு போய்விடுவாள். நாற்றுக்குத் தண்ணீர் விடவும், வருகிறவர்களைப் பாதையில் கூட்டிப்போகவும் பழக்கினான். நான் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பில் விசிறி ஆடுகிறது. சோறு வேகவில்லை. கம்பத்தில் கட்டியிருக்கும் சங்கு துருப்பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்தேன். உன் மகள் காலையில் வெளியே வந்ததும் தலைக்கு மேலே வானத்தைப் பார்ப்பதில்லை. தூரத்தில் மலையின் முதுகைப் பார்க்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், பேசிவிடுவது என்று அவளோடு நடைபாதையில் போனேன். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நான் போடவில்லை. கைலியும், நம் ஊர் வெல்வெட் வார் வைத்த செருப்பும்தான். பாதை படுகையைக் கடக்கும் இடத்தில் ஒரு குளம். அங்கே நின்றோம்.

"சமீரா, நாளைக்கு ரெண்டு பேரும் கெளம்புறோம்."

"நீங்க கெளம்புறீங்க மாமா."

"உங்க உம்மா எங்கிட்ட என்ன சொல்லி அனுப்புனா தெரியுமா?"

"புடிக்கலன்னா கூட்டியாங்கன்னு. தெரியும். உங்களுக்கு இதுவரைக்கும் எது மாமா புடிச்சிருக்கு? எங்க உம்மா வைக்கிற மொஹிங்காவே புடிக்காதே."

"அதுல வாழைத்தண்டு வேகறதில்ல. பேச்ச மாத்தாத. உங்க வாப்பாவுக்கு இந்த எடம் என்ன குடுத்துச்சு?"

"அங்க போனா எனக்கு என்ன குடுப்பாங்க? துப்பாக்கியா?"

அவள் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள், கவனித்தாயா. நான் குரலை உயர்த்தினேன். தகப்பனைப் போலவே எல்லாரையும் விட்டுவிட்டு ஓடுகிற புத்தி என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் மலையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறிவிட்டது.

அப்போது சங்கு ஊதியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல வானம், ஒரு மேகம் இல்லை. மழையே இல்லாமல் என்ன வெள்ளம்? அந்தத் துருப்பிடித்த சங்கு தானாகக் கத்துகிறது என்றுதான் நினைத்தேன். அதற்குள் கூழாங்கற்களுக்கிடையில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. பச்சைக் குளத்துக்குள் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. என் கால் நனைந்தது. கணுக்கால் வரை, அதற்கு மேல் இல்லை.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. கைலியை மடித்துக் கட்டினேன். வெல்வெட் நனைந்து கெட்டுவிடுமே என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இன்னொரு கையால் உன் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, படுகையின் நட்டநடுவில் இறங்கி, கீழ்நோக்கி, வாசல் பக்கமாக நடக்கத் தொடங்கினேன்.

"மாமா, ஓரம். ஓரமா வாங்க."

"எம் பின்னாலயே வா. ஓரத்துல குழி இருக்கும்டி."

"இங்க குழி நடுவுலதான் மாமா."

நான் இழுத்தேன். அவள் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். தண்ணீர் முட்டிக்கு வந்தது, குளிர்ந்து வந்தது. மேலே எங்கோ லாரிகள் வரிசையாகச் சரளை கொட்டுவதுபோல் ஒரு சத்தம். அவள் என் பிடியிலிருந்து கையை உருவி, என் இடுப்பில் கைலி முடிச்சைக் கொத்தாகப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். ஒரு செருப்பு கையிலிருந்து போனது. பாறையில் மஞ்சள் வண்ணம் பூசிய படிகள் இருந்தன. ஒரு வாரமாக அவற்றைப் பார்த்திருக்கிறேன், அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மேலிருந்து சேகுவின் கை வந்தது. மேலே பாறைத் திட்டில் போய் விழுந்தேன்.

திரும்பிப் பார்த்தால் நாங்கள் நின்ற இடம் இல்லை. குளம் இல்லை, சரளை இல்லை. பழுப்பாக ஒன்று சுவர்போல் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழுப் பேரீச்சை மரம் வேரோடு நின்றபடியே போயிற்று. அதுவும் நடுவில்தான் போயிற்று.

சேகு என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கிற முகம் சாம்பலாகியிருந்தது.

"அன்னிக்கு அவரும் இப்படித்தான் காக்கா," என்றான்.

மச்சான், அந்தத் திட்டில் தண்ணீர் வடியும்வரை உட்கார்ந்து அவன் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். அன்று நீ வெளியே வந்துவிட்டாய், அது உண்மை. கீழே வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தெரியாமல் நின்றார். நீ அவருக்காக இறங்கினாய். இறங்கியவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தாய். கிழவரின் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாய். அவர் வரவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு கத்தினார். நீ விடாமல், நடுவில் நின்று, வா வா என்று இழுத்தாய். மேலே நின்றவர்கள் பத்து மொழியில் கூச்சல் போட்டார்கள். வெள்ளம் வந்தது. கிழவர் ஓரத்தில் இருந்ததால் பிழைத்தார். ஒருவன் தன்னைத் தண்ணீருக்குள் இழுத்தான் என்று பிறகு அவர் சொன்னாராம்.

"புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க காக்கா. அவ்வளவு வருஷம் இருந்த மனுசன், நடுவுல எறங்கக் கூடாதுன்னு தெரியாதா? அதான் ஊருக்கு முழுசாச் சொல்லல. நூரு ராத்தா மனசு என்ன ஆகும்னு விட்டுட்டோம்."

சமீராதான் சொன்னாள், மெதுவாக, தண்ணீரைப் பார்த்தபடி.

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நடப்பாங்க சேகு மாமா. ஓரத்துல சாக்கட. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப வாப்பா எங்கையப் புடிச்சு, நடுவுல நட, நடுவுல நடன்னு சொல்லிக்கிட்டே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

சேகு வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் என் செருப்பை. அவனுக்குப் புரிந்தது.

"உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"மொத நாளே சேகு மாமாட்ட கேட்டுட்டேன். செருப்ப எடுத்தாங்கன்னு சொன்னதும் தெரிஞ்சுபோச்சு. அதான் தெனமும் மலை முதுகுல மழை கட்டுதான்னு பாக்குறேன், அங்க பேஞ்சா இங்க வந்துரும். ஓரத்துலயே நடந்து பழகுறேன். கால் தானா நடுவுக்குத்தான் போவுது மாமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே. மூஞ்ச அப்படி வச்சுக்கிட்டு எலுமிச்ச மரத்தடியில உக்காந்திருந்தா யாரு சொல்லுவா?"

அன்று இரவு நான் பெட்டியைக் கட்டினேன். ஒரு பெட்டியை.

ரங்கூன் விமான நிலையத்தில் நூரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி ஆளும் வந்து போனபின்தான் என் பக்கம் திரும்பினாள். டாக்சியில் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்க மாட்டேன் என்று சொன்னாள் அல்லவா, அதைக் காப்பாற்றினாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். பல நாள் அப்படியே போயிற்று. மகளோடு தினமும் பேசுவாள். நான் உள்ளே வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இன்று மதியம் மழை பிடித்துக்கொண்டபோது நான் கீழே பள்ளிவாசல் முகப்பில் மாட்டிக்கொண்டேன். அவளும் மருந்து வாங்கிவிட்டு அங்கே ஒதுங்கி நின்றாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். இறங்க முடியவில்லை.

"என்ன காக்கா?" என்றாள். பல நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

சொன்னேன். அந்த முகப்பிலேயே, இருவரும் ஆளுக்கொரு கையில் செருப்போடு நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரை, பூட்ஸை, நடுவில் நின்று நீ இழுத்ததை. உனக்குப் புத்தி பேதலித்தது என்று அங்கே பேசியதையும் சொன்னேன். உன் மகள் என் கைலியைப் பிடித்து இழுத்ததையும் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாணிக் கடைக்காரர், தண்ணீரில் ஓரமாகத் தடுமாறிய யாரையோ பார்த்து, "நடுவால போ, நடுவால போ" என்று மேசைமேலிருந்து கத்தினார்.

"கலியாணமான மொத மழையில என்னையும் அப்படித்தான் இழுத்துட்டுப் போனாங்க," என்றாள். "நான் ஓரமா ஒதுங்குனேன். கைய விடவே இல்ல."

மருந்துப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு அவளாகவே சொன்னாள்.

"அப்ப அவுங்க திரும்ப உள்ள போகல காக்கா. வீட்டுக்கு வர்ற மாதிரிதான் நடந்திருக்காங்க."

இத்தனை நாள் என்னால் சொல்ல முடியாத பதிலை, மச்சான், உன் பெண்டாட்டி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். நடுவில் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

குடித்தான் என்றவனும், வாழப் பிடிக்காமல் இறங்கினான் என்றவனும், திமிர் என்றவனும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நீ ஒரு மனிதரை உனக்குத் தெரிந்த வழியில் வீட்டுக்குக் கூட்டிவரப் பார்த்தாய். வழி தப்பு, ஊர் வேறு. அவ்வளவுதான். அங்கே அத்தனை வருஷம் இருந்தும் உன் கால் மட்டும் பபேடானிலேயே நின்றுவிட்டதே, அதற்கு உன்னைத் திட்டுவதா, வேண்டாமா? இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. டியூஷன் விஷயம் அப்படியே இருக்கிறது. மாமரத்தை மறைத்தது அப்படியே இருக்கிறது. என் உம்மாவின் சந்தூக்கை மறுமையில் நேருக்கு நேர் பேசிக்கொள்வோம். இந்த ஒன்றை மட்டும் உன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

சமீரா சற்று முன்தான் கூப்பிட்டாள். மருதாணி நாற்று பிடித்துவிட்டதாம். மலையின் முதுகு தெளிவாக இருக்கிறதாம். நான் இங்கே தண்ணீர் என்றேன். "நடுவுல நடங்க மாமா," என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மழைக்காலம் முழுவதும், இனி வரும் மழைக்காலங்களிலும், நூருவின் கையைப் பிடித்து நட்டநடுவில் நடத்திக் கூட்டிவருவேன். ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். அங்கே உன் மகள் ஓரத்தில் நடப்பாள். கூப்பிடும்போதெல்லாம் வேறெதையும் கேட்பதற்கு முன்னால், ஓரமாக நடக்கிறாயா என்று கேட்பேன். திட்டிக்கொண்டேதான் கேட்பேன். கேட்காமல் இருக்க மாட்டேன்.

உன் பெண்டாட்டியின் காக்கா,
உன் மகள் கைலியைப் பிடித்துக் கரையேற்றிய மாமன்,
இன்னும் உன்மேல் கோபமாக இருக்கும் உன் மச்சான்
ஜமால்